அஞ்ஜலி: கையும் கருத்தும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரிய நம்பிகளோடு காஞ்சியிலிருந்து விரைந்து வந்த இளையாழ்வார் காவிரிக் கரையை அடைந்தபோது, ஆளவந்தார் பரமபதத்துக்கு எழுந்தருளியிருந்தார். ஆசார்யனுடைய திருவாயால் ஒரு வார்த்தை கேட்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. சரம திருமேனியைச் சேவிக்கையில் திருக்கையிலே மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டார். இது முன்பே உண்டோ என்று வினவ, அருகிருந்த முதலிகள் இல்லை என்றார்கள். அப்போது அவர் மூன்று ப்ரதிஜ்ஞைகள் செய்தருளினார். வ்யாஸருடைய ப்ரஹ்ம ஸூத்ரங்களுக்கு பாஷ்யம் இடுவது ஒன்று. பராசரர், வ்யாஸர் என்னும் மஹரிஷிகளிடத்தில் நன்றி விளங்க அவர்கள் திருநாமங்களை நிலைநிறுத்துவது ஒன்று. நம்மாழ்வாருடைய திருவாய்மொழியின் பொருளை உலகறியச் செய்வது ஒன்று. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்று குருபரம்பரை கூறும். பின்னாளில் ஸ்ரீபாஷ்யமும், கூரத்தாழ்வான் திருக்குமாரர்களுக்கு இடப்பட்ட திருநாமங்களும், திருக்குருகைப்பிரான் பிள்ளானுடைய ஆறாயிரப்படியும் அம்மூன்றையும் நிறைவேற்றின.

இச்சரிதையை நாம் பெரும்பாலும் வியப்போடு கேட்டு, அவ்வளவில் நின்றுவிடுகிறோம். இதனுள்ளே ஆராயத்தக்க ஒரு விஷயமும் இருக்கிறது. நம் தர்சனத்தின் மூன்று பெரிய காரியங்களுக்கு வித்தாக அமைந்தது வாய்ச்சொல் ஒன்றும் இல்லாத ஒரு கை. நாவு ஓய்ந்த பின்பும் விரல்கள் ஒரு கருத்தைத் தாங்கியிருந்தன; அதைப் படித்தறிய ஒருவர் வந்து சேரும்வரை காத்திருந்தன. அப்படியானால் கை என்பது கருத்துக்கு ஏவலாள் மட்டுந்தானா? அன்றிக் கருத்து குடியிருக்கும் இடங்களுள் கையும் ஒன்றா?

இது வெறும் தத்துவ விசாரம் என்று தள்ளத்தக்கதன்று. கடல் கடந்து வாழும் அன்பர்களின் இல்லங்களில் நாள்தோறும் எழும் கேள்வி இதுவே. மூன்று வயதுக் குழந்தையைப் பெருமாள் முன்னே நிறுத்தி, கைகூப்பு என்று சொல்கிறோம். அக்குழந்தைக்குப் பெருமாள் யார் என்று தெரியாது. சேஷத்வம் என்னும் சொல்லையும் அது கேட்டதில்லை. பொருள் அறியாத ஒன்றைச் செய்யச் சொல்வது முறையா என்று பெற்றோர் கலங்குகிறார்கள். வளர்ந்த பிள்ளைகளோ வேறு விதமாகக் கேட்கிறார்கள்: மனத்திலே ஒன்றும் தோன்றாதபோது கையை மட்டும் கூப்புவது பொய்யல்லவா? வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், நினைவு முழுதும் அன்றைய அலுவலில் இருக்க, கை மட்டும் கோயிலாழ்வார் முன்னே ஒரு கணம் கூம்பிவிட்டு இறங்குகிறதே, அதற்கு என்ன மதிப்பு? இக்கேள்விகளைக் கேட்பவர்கள் உண்மையை விரும்புகிறவர்கள். ஆகவே அவர்களுக்கு உண்மையான விடையே உரியது.

மனம், வாக்கு, காயம் என்று மூன்று கரணங்களைச் சொல்லுகிறோம். அவற்றை ஏணிப்படிகளாக நினைப்பது உலக வழக்கம். முதலில் மனம் நினைக்கும். பிறகு வாய் சொல்லும். கடைசியாகக் கை செய்யும் என்று. இந்த எண்ணத்தின்படி, மேற்படியில் ஒன்றுமில்லாமல் கீழ்ப்படியில் நிகழ்வதெல்லாம் போலியாகும். ஆனால் நம் மொழியே இந்த வரிசைக்கு இசையவில்லை. ஒரு கொள்கையை ஏற்பதை அதைக் கைக்கொள்ளுதல் என்கிறோம். துறப்பதைக் கைவிடுதல் என்கிறோம். நினைத்தது நிறைவேறினால் கைகூடியது என்றும், ஒரு வித்தை வசமானால் கைவந்தது என்றும், செய்யும் வகையறியாத துயரைக் கையறவு என்றும் சொல்லுகிறோம். செய்ந்நன்றிக்குத் திரும்பச் செய்வது கைமாறு. வடமொழியிலும் அறிவதற்கு க்ரஹித்தல் என்று பெயர், அதாவது பிடித்தல். மனத்தின் தொழில்களுக்குப் பெயரிட வேண்டிய இடத்தில் மொழி கையினிடம் சென்று சொல் வாங்கியிருக்கிறது.

நம் பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல் இன்னும் பொருத்தமானது. உபாயமாகக் காட்டத் தன்னிடத்தில் ஒன்றும் இல்லாத நிலையை, கைம்முதல் இல்லாமை என்று சொல்லுவர். ஆகிஞ்சந்யம் என்னும் பெரிய தத்துவத்தைச் சந்தையில் வெறுங்கையோடு நிற்கும் வணிகனுடைய கையிலே வைத்துக் காட்டிய சொல் அது. (கைங்கர்யம் என்னும் சொல்லும் காதுக்குக் கையை நினைவூட்டும், ஆனால் அது வடமொழியில் கிங்கரன் என்னும் சொல்லடியாகப் பிறந்தது. அது ஓசை ஒற்றுமையேயன்றி வேர் ஒற்றுமை அன்று.)

மொழி மட்டுமன்று, மொழியைக் காத்துவந்த முறைகளும் கையை நம்பியே இருந்தன. ஸாமவேதம் ஓதுவோர் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு ஸ்வரங்களை நிறுத்துவர். நாரதீய சிக்ஷை இதனை காத்ரவீணை என்று வழங்குகிறது. உடலே வீணை என்பது பொருள். கரந்யாஸத்தில் மந்த்ரத்தின் பகுதிகள் விரல்களிலே வைக்கப்படுகின்றன. திருவாராதனத்தில் வட்டில்களின் தீர்த்தத்துக்கு ஸுரபி முத்ரை காட்டுகிறோம். சொல் காற்றில் கரைந்து போகாமல் உடலில் ஒரு இடம் பெற வேண்டும் என்று பெரியோர் திருவுள்ளம் பற்றியதாகவே இவை விளங்குகின்றன.

அரையர் ஸேவையை அறிந்தவர்களுக்கு இது மேலும் தெளிவாகும். நாதமுனிகள் அருளிச்செயலைப் பண்ணோடு அமைத்துத் தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். அவ்வழி வந்த ஸேவை திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி முதலிய திவ்யதேசங்களில் இன்றும் நடக்கிறது. குல்லாயும் தாளமுமாக நிற்கும் அரையர் பாசுரத்தை இசைப்பார். அதே பாசுரத்தைக் கையால் காட்டுவார். அதற்கே வ்யாக்யானமும் சொல்லுவார். ஒரு பொருள் மூன்று வழியாக வருகிறது. கண்ணனெம்பெருமான் பிள்ளைகளை அப்பூச்சி காட்டி அச்சுறுத்தும் பெரியாழ்வார் பதிகத்தை ஒருமுறை எம்பெருமானார் ஸந்நிதியில் அரையர் அபிநயித்தார். ஆயர் பிள்ளைகள் செய்வதுபோல் கண்ணிமையைப் புரட்டிக் காட்டினார். எம்பெருமானாருக்குப் பின்னே இருந்த எம்பார், இரு கைகளையும் தோள்களுக்கு நேரே கொண்டுபோய், திருவாழியையும் திருச்சங்கையும் தரித்தாற்போலே குறிப்பாகக் காட்டினார். சங்கசக்ரங்களோடே தோன்றுவதே அப்பிள்ளை காட்டும் அப்பூச்சி என்பது கருத்து. அரையர் அதைக் கண்டு அடுத்த முறை அவ்வாறே அபிநயித்தார். அக்குறிப்பு எவரிடமிருந்து வந்திருக்கும் என்பதை எம்பெருமானார் உடனே உணர்ந்து, கோவிந்தப் பெருமாள் இங்கே இருக்கிறாரோ என்று திரும்பினார்.

எம்பார் அங்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆயினும் அவர் செய்தது வ்யாக்யானம். பரத்வமும் ஸௌலப்யமும் ஒரே பிள்ளையிடத்தில் சேர்ந்திருப்பதை இரண்டு கைகள் ஒரு கணத்தில் சொல்லிவிட்டன. கை பேசியது, அரையர் கை கேட்டது, எம்பெருமானார் திருவுள்ளம் அறிந்தது. இதை முன்பே வாக்கியமாக அமைத்து வைத்துப் பிறகு கையால் மொழிபெயர்த்தார் என்று எவரும் நினைக்கமாட்டார்கள். கருத்து அங்கே கையாகவே பிறந்தது.

இக்காலத்து ஆராய்ச்சியாளரும் வேறொரு வழியாக இதன் அருகே வந்திருக்கிறார்கள். பேசும்போது நம் கைகள் ஏன் அசைகின்றன என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. கேட்பவர் கண்ணுக்காக என்றால், பிறவியிலேயே பார்வையற்றவர்கள் கையசைக்கக் காரணமில்லை. ஆனால் அவர்களும் பேசும்போது கையசைக்கிறார்கள். எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று அறிந்தபோதும் அசைக்கிறார்கள் என்று 1998இல் ஜானா ஐவர்ஸன், ஸூஸன் கோல்டின்-மெடோ என்னும் இருவர் எழுதினர். கையின் உணர்ச்சியே அசைவுக்குக் காரணம் என்றால், அவ்வுணர்ச்சியை இழந்தவருக்குச் சைகை நின்றுபோக வேண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த இயான் வாட்டர்மன் என்பவர் 1971இல், தம் 19ஆம் வயதில், ஒரு நோயினால் கழுத்துக்குக் கீழே தொடுவுணர்ச்சியையும், கைகால்கள் எங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்னும் உணர்வையும் இழந்தார். கண்ணால் பார்த்துப் பார்த்தே ஒவ்வோர் அசைவையும் மீண்டும் கற்றார். கைகளை அவர் பார்வையிலிருந்து மறைத்தால் பொருள்களைக் கையாளும் காரியங்கள் தடுமாறுகின்றன. ஆனால் பேச்சோடு எழும் கைச்சைகைகள், மறைத்தபோதும், சொல்லோடு காலம் ஒத்து நிகழ்வதைக் கண்டார்கள். சைகையும் சொல்லும் ஒரே கருவிலிருந்து கிளைப்பவை என்பது இத்துறையில் பெயர்பெற்ற டேவிட் மக்நீல் என்பவருடைய கொள்கை.

இதை எல்லை அறிந்தே கொள்ள வேண்டும். அவர்கள் ஆராய்ந்தது பேச்சின்போது தானாக எழும் சைகை. அஞ்ஜலியோ தானாக எழுவதன்று. முன்னோர் கற்பிக்க நாம் கற்றது. ஆகவே அது ஒரு சொல்லைப் போன்றது. சொல்லை நாம் எப்படிக் கற்றோம்? பொருளை முற்ற அறிந்து பிறகு சொன்னவர் எவருமில்லை. அம்மா என்று குழந்தை அழைக்கும்போது தாய்மையின் பொருளை அது அறிந்திருக்கவில்லை. அழைத்து அழைத்தே அறிகிறது. அழைக்கும்போதெல்லாம் தாய் வந்ததால் அச்சொல்லுக்குப் பொருள் நிறைந்தது. குழந்தையின் கூப்பிய கையும் அவ்வாறே. அதைப் பொய் என்பது மழலையைப் பொய் என்பதற்கு ஒக்கும். பெற்றோர் கலங்க வேண்டாம். பொருள் வந்த பிறகு கை கூப்பட்டும் என்று காத்திருந்தால், பொருள் வந்து தங்குவதற்கு இடமே இராது.

அஞ்ஜலி என்னும் இச்சொல் என்ன சொல்லுகிறது? இதை அறிய ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் சரீரத்துக்கு அருளிய லக்ஷணத்தை நினைக்க வேண்டும். ஒரு சேதனன் தன் ப்ரயோஜனத்துக்காக எப்போதும் நியமிக்கவும் தரிக்கவும் தக்கதாய், அவனுக்குச் சேஷமாயிருப்பதே இயல்பான த்ரவ்யம் சரீரம் என்பது அதன் கருத்து. என் கை எனக்குச் சரீரம். நான் எம்பெருமானுக்குச் சரீரம். கையைப் பார்த்து ஒருவன் தன் ஸ்வரூபத்தைக் கற்கலாம். கை உழைக்கிறது, கூலி கேட்பதில்லை. உணவை எடுக்கிறது, தான் உண்பதில்லை. கண்ணில் தூசி விழுந்தால் அழைக்காமலே வருகிறது. செய்தபின் புகழை எதிர்பார்த்து நிற்பதில்லை. பாரதந்த்ர்யம் என்னும் சொல்லை விளக்க ஏட்டைத் தேடுகிறோம். அதன் வடிவம் நம் தோளிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

அக்கைகள் இரண்டும் சேர்ந்து கூம்பும்போது நிகழ்வதையும் பாருங்கள். ஒவ்வொரு கையும் மற்றதைத் தடுத்து நிற்கிறது. கூப்பிய கையால் எடுக்க முடியாது, கொடுக்க முடியாது, அடிக்க முடியாது, தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே ஒரு தொழிலும் இல்லை. கைம்முதல் இல்லை என்பதைக் கை தானே சொல்லும் நிலை அது. த்வயத்தின் பூர்வகண்டத்தில் சரணம் பற்றுகையைச் சொல்லுகிறோம். பற்றுகை என்பது கையின் தொழிலைச் சொல்லும் சொல். ஆனால் வாய் பற்றுகிறேன் என்று சொல்லும் அப்போதே, கை ஒன்றையும் பற்றாமல் கூம்பி நிற்கிறது. வாய்ச்சொல்லைக் கை திருத்துகிறது என்றே கொள்ளலாம். இப்பற்றுகை நம் பிடியின் வலிவால் நிற்பதன்று, அவன் பிடியால் நிற்பது என்று எம்பார் காட்டிய குறிப்பைப்போல் இதுவும் ஒரு மௌன வ்யாக்யானமாகிறது. தன் சேலையைப் பிடித்திருந்த கையையும் விட்ட த்ரௌபதியை இங்கே நினைக்கலாம். திருக்கோளூர்ப் பெண்பிள்ளை எம்பெருமானாரிடம் விண்ணப்பித்த 81 வார்த்தைகளில், அவளைப்போல் இரு கைகளையும் விடவில்லையே என்னும் ஏக்கமும் ஒன்று.

இங்கே ஒரு சங்கை எழும். கை பொய் சொல்லாதா? தொழுத கைக்குள்ளும் கொலைக்கருவி மறைந்திருக்கக்கூடும் என்று திருவள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தில் எச்சரிக்கிறாரே? உண்மைதான். மனிதர்க்குள் அந்த எச்சரிக்கை வேண்டும். விபீஷணாழ்வான் வந்தபோது ஸுக்ரீவ மஹாராஜரும் இதே ஐயத்தைத்தான் எழுப்பினார். பெருமாள் அருளிய விடையை நம் ஆசார்யர்கள் உருகி உருகி அனுபவிக்கிறார்கள். மித்ரபாவத்தோடு வந்தவனை விடமாட்டேன் என்பது அவ்விடையின் கருத்து. மித்ரபாவம் என்பதற்கு மெய்யான நட்பு மட்டுமன்று, நண்பனைப் போன்ற பாவனையும் பொருளாகும் என்று பூர்வர்கள் நிர்வஹிப்பர். உள்ளே குறை இருந்தாலும் அமையும் என்பது பெருமாள் திருவுள்ளம். கைகூப்பி வந்து இரந்து நிற்பவன் பகைவனேயாகிலும் கொல்லத்தகான் என்றும் அவ்விடத்திலேயே அருளுகிறார்.

ஆளவந்தாரும் ஸ்தோத்ர ரத்நத்தின் 28ஆம் ச்லோகத்தில் அஞ்ஜலிக்குக் காலம், ஆள், முறை, எண்ணிக்கை என்னும் நான்கு நியமங்களையும் தளர்த்திவிடுகிறார். அவர் விடாமல் வைத்தது ஒன்றே: அது எம்பெருமான் திருவடியை உத்தேசித்ததாக இருக்க வேண்டும். இந்த ஒரு ச்லோகத்தை விவரிப்பதற்காகவே வேதாந்த தேசிகன் அஞ்ஜலி வைபவம் என்னும் ரஹஸ்ய க்ரந்தத்தை அருளினார். பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில், பற்றுகை வாக்காலேயோ உடலாலேயோ ஆனாலும் பேற்றுக்குக் குறையில்லை என்றும், ஞானத்தாலே மோக்ஷமாகையால் அது மானஸமாக இருக்கத்தக்கது என்றும், எனினும் உபாயம் எம்பெருமானேயாகையால் மூன்றும் சேர்ந்தே தீர வேண்டும் என்னும் நிர்ப்பந்தமில்லை என்றும் தெளிவிக்கிறார். ஆக, மனம் கூடாத கையை அவன் தள்ளுவதில்லை. திரைவழியே உத்ஸவம் சேவித்துக் கைகூப்பும் தூரதேசத்து அன்பர்களும் இதனால் ஆறுதல் கொள்ளலாம். கை கூம்புவது கண்ணாடித் திரைக்கன்று, திருவடிக்கு.

அப்படியானால் அஞ்ஜலிக்கே ஒரு சக்தி உண்டு, கூப்பினால் போதும் என்று கொள்ளலாமா? கூடாது. இதற்கும் ஸ்ரீராமாயணமே சான்று. ஸமுத்ரக்கரையில் தர்ப்பத்தைப் பரப்பி, கிழக்கு நோக்கி அஞ்ஜலி செய்து, பெருமாள் தாமே மூன்று இரவுகள் கிடந்தார். கடலரசன் வரவில்லை, வில்லை எடுக்க வேண்டியதாயிற்று. கைகூப்பிய திருக்கை யாருடையது? அதைவிடத் தூய அஞ்ஜலி உண்டோ? ஆயினும் பலிக்கவில்லை; ஏனெனில் எதிரே இருந்தது கடல். குற்றம் குறைகளோடு இலங்கையிலிருந்து வந்தவன் விஷயத்திலோ உடனே பலித்தது. ஏனெனில் எதிரே இருந்தவர் பெருமாள். கூப்பிய கைக்கு உள்ள பெருமை அது நோக்கி நிற்கும் திருவடியின் பெருமை. கை வெறும் கைதான்.

இங்கேதான் அஞ்ஜலியில் பொய் எங்கே நுழைகிறது என்பது புலப்படும். மனம் அலைந்தபோது கை கூம்பியது பொய்யன்று. அது வரவேண்டிய நினைவுக்குத் திறந்து வைத்த கதவு. இத்தனை முறை கூப்பினேன், இதற்கு ஈடாக இது கிடைக்க வேண்டும் என்று அஞ்ஜலியையே எண்ணி வைக்கும்போதுதான் அது பொய்யாகிறது. கைம்முதல் இல்லை என்று சொல்ல வந்த கை, அந்தச் சொல்லையே கைம்முதலாக்கிக் கொள்கிறது. வெறுங்கை என்று காட்டிக்கொண்டே உள்ளங்கையில் காசு மறைப்பது அது. பராசர பட்டர் ஸ்ரீகுணரத்நகோசத்தில் காட்டும் காட்சி இதற்கு மருந்து. அஞ்ஜலியாகிற பெருஞ்சுமையைச் சுமந்து வந்தானே என்று பிராட்டி பரிந்து, செல்வமும் கைவல்யமும் பரமபதமுமாகக் கொடுத்த பின்பும், இவனுக்குத் தக்கது ஒன்றும் செய்யவில்லையே என்று நாணி நிற்கிறாளாம். கையைத் தூக்குவதில் என்ன பாரம்? நமக்கு ஒன்றுமில்லை. தாய்க்கோ குழந்தையின் கை வலிக்குமே என்னும் எண்ணம். அந்தக் கனத்தை உணர வேண்டியவள் அவள். அதை நாமே நிறுத்துப் பார்த்து விலை சொல்லத் தொடங்கினால் அவள் நாணத்தையும் பரிவையும் அறியாதவர்களாவோம்.

பொய் நுழையும் வாசல் இன்னொன்றும் உண்டு. ஸந்நிதியில் கூம்பிய கை வெளியே வந்து என்ன செய்கிறது? தீர்த்தத்துக்கு நீட்டிய கையால், அருகில் நிற்கும் பாகவதரை விலக்கித் தள்ளினால் அக்கையின் முதல் சொல்லை இரண்டாவது சொல் அழித்துவிடும். எம்பெருமானார் காவிரிக்கு நீராட எழுந்தருளும்போது முதலியாண்டான் கையைப் பற்றிச் செல்வார். நீராடி மீளும்போது பிள்ளை உறங்காவில்லி தாஸருடைய கையைப் பற்றி வருவார். பிறப்பால் தாழ்ந்தவர் என்று உலகம் கருதியவரை நீராடிய பின்பு தொடலாமா என்று சிலர் கலங்கினர். பாகவதர்களுக்குப் பிறப்பால் ஏற்றத்தாழ்வு இல்லை என்று க்ரந்தங்கள் பல சொல்லலாம். ஈரம் உலராத திருமேனியோடு அவர் பற்றி நடந்த அந்தக் கை அதனைக் கரையில் நின்ற அனைவர்க்கும் உணர்த்தியது. தாஸரும் தம் கையில் அந்தத் தொடுகையை உணர்ந்திருப்பார். தத்துவம் தோலுக்குத் தெரிந்த இடம் அது. நம் கை இன்று யாரைப் பற்ற மறுக்கிறது என்று பார்த்தால், நம் அஞ்ஜலியின் மெய்ம்மை நமக்கே விளங்கிவிடும்.

கடைசியாக, கை எழாத நாளைப் பற்றியும் நினைக்க வேண்டும். முதுமையில் நினைவு தளர்ந்தவர்கள் பலர், தம் மக்களின் பெயரையும் மறந்த நிலையில், திருப்பாவை காதில் விழுந்தால் கைகூப்புவதுண்டு. மனம் போன பின்பும் கை வைத்துக் காத்த செல்வம் அது. இளமையில் மனமின்றிக் கூப்பிய கைகளெல்லாம் வீண் போகவில்லை என்பதற்கு அக்காட்சியே சான்று. பக்கவாதத்தால் கையும் ஓய்ந்தவர் நிலை? கட்டைபோலவும் கல்போலவும் கிடக்கும் அந்நிலையில், உடல் நலமாயிருந்தபோது தன்னை நினைத்த அடியவனைத் தானே நினைப்பதாக ஸ்ரீவராஹ நாயனார் வாக்குத் தந்திருக்கிறார். மனம் ஓயும், வாக்கு ஓயும், கையும் ஓயும். நம் மூன்று கரணங்களும் ஓய்ந்த இடத்தில் அவன் நினைவு தொடங்குவதில்லை. அது முன்பிருந்தே இருந்துவந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது.

ஆகவே நம் கையைப் பற்றிய விசாரம் அவன் திருக்கையில் போய் முடிவதே முறை. திருமலையில் அத்திருக்கை தாழ்ந்து தன் திருவடியைக் காட்டுகிறது. காஞ்சியில் பேரருளாளன் அபய ஹஸ்தத்தில், வருந்தவேண்டாம் என்னும் பொருளுடைய சரம ச்லோக வார்த்தை பொறிக்கப்பட்டிருக்கிறது. கையே சொல்லாய், சொல்லே கையாய் நிற்கும் இடம் அது. அத்திருக்கை முன்பே பேசிவிட்டது. நம் கை கூம்புவது அதற்கு நாம் சொல்லும் மறுமொழி. மறுமொழி திக்கினாலும் திணறினாலும் கேட்பவன் பொருளறிவான். குழந்தைக்குக் கைகூப்பக் கற்பியுங்கள். நினைவு வராத நாளிலும் கூப்புங்கள். கூப்பிய பின் அதைக் கணக்கில் எழுதாதீர்கள். இறக்கிய கையால் அருகிலுள்ள அடியாரின் கையைப் பற்றுங்கள்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.

அடியேன்,
இராமாநுச தாஸன்